சாப்பிடுவதை எழுதி வைத்து அளவைக் குறைப்பது: தொடர்ந்து செய்பவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
வணக்கம். போன வாரப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி) 6.1 வந்திருக்கிறது. "இது இன்னும் சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. மாத்திரை இப்போது வேண்டாம். சாப்பாட்டை அளவாக்குங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். வயது 43. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

பட்டினி டயட் எதுவும் எனக்கு வேண்டாம். அரிசியை அடியோடு விட்டவர்களை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் பழையபடி திரும்பிவிட்டார்கள், எடையும் கூடவே திரும்பிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே அளவோடு சாப்பிட்டுப் பழகவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்குத் தினமும் எழுதி வைப்பது உதவும் என்கிறார்கள். நோட்டா, ஆப்பா? கலோரி கணக்குப் போட்டே ஆகணுமா? எழுதியதை இன்னொருவரிடம் காட்டணுமா, நாமே வைத்துக்கொண்டால் போதாதா?

காவிரிக்கரை:
வாணிகச் சந்தையில் கிடைக்கும் டயட் எதிலும் இறங்காமல் இந்தக் கேள்விக்கு வந்தீர்களே, அதுவே நல்லது சகோதரி. நான் பல வருடமாக எழுதுகிறேன். நோட்டுதான், சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. ஆப் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதில் தேடினால் "சாம்பார், ஒரு கப்" என்று வரும். எந்த வீட்டு சாம்பார்? பருப்பு கெட்டியாகப் போட்டதா, தண்ணீராக விட்டதா? கப் என்றால் எந்தக் கப்? அந்த எண்ணை நம்பி ஒரு வாரம் கூட்டிக் கழித்துவிட்டு, எடை குறையவில்லை என்று மனம் விட்டுப்போனவர்கள் நிறைய.

என் நோட்டில் நான்கு கட்டம்: மணி, என்ன, எவ்வளவு, சாப்பிடும் முன் பசி இருந்ததா. கடைசிக் கட்டத்தைத் தயவுசெய்து விடாதீர்கள். சில நாள் எழுதிய பிறகு அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால், பசியே இல்லாமல் வாயில் போட்டது எவ்வளவு என்று தெரியும். குறைக்க வேண்டியது முதலில் அதைத்தான். பசித்துச் சாப்பிட்ட சோற்றில் கை வைப்பது அப்புறம்.

"எவ்வளவு" என்பதற்குக் கிராம் வேண்டாம். சோற்றுக்கு ஒரே கரண்டி, குழம்புக்கு ஒரே குழிக்கரண்டி, பொரியலுக்கு ஒரே கிண்ணம் என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு முறை அந்தக் கரண்டிச் சோற்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அது ஒரு முறை தெரிந்தால் போதும், அப்புறம் கரண்டி எண்ணிக்கை பேசும்.

எழுதுவது சாப்பிடும் முன். இதில் மட்டும் நான் கண்டிப்பு. ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் நாலு மணி முறுக்கு நினைவுக்கே வராது. தட்டில் போட்டதும் எழுதுங்கள், பிறகு கை வையுங்கள். மறுசோறு வாங்கினால் அதற்குப் புது வரி. அந்த வரியை எழுதும் நேரத்துக்குள் பல தடவை "போதுமே" என்று தோன்றிவிடும்.

எண்ணெயைத் தட்டுவாரியாக எழுத முடியாது, மாதக் கணக்குப் போடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்குச் சொல்லும் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். மாதம் 4 லிட்டர் வாங்கி, மேலே நெய்யும் என்றால் எல்லை தாண்டியாயிற்று.

இரவுப்பணி:
கேட்க நன்றாக இருக்கிறது சார். நான் கால் டாக்சி ஓட்டுகிறேன். கரண்டி, கிண்ணம் எல்லாம் எனக்கு எங்கே? ராத்திரி ஒரு மணிக்குக் கையேந்தி பவனில் நிற்கிறேன். நோட்டு எடுத்து எழுதவும் வராது. என்ன செய்யலாம்?

அடுப்படி_ஆலோசகர்:
இரவுப்பணி தம்பிக்கு: எண்ண முடிவதை எண்ணுங்கள். பரோட்டா எத்தனை, இட்லி எத்தனை, டீ எத்தனை. சால்னா எத்தனை தடவை ஊற்றினார்கள் என்பதையும். எழுத வராவிட்டால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொள்ளுங்கள், வண்டி நிற்கும்போது. அது தேதி, மணியோடு தானாகப் பதிவாகிவிடும்.

டீயை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டுநர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம் என்றே வையுங்கள். டீக்கு இரண்டு தேக்கரண்டி, ஒரு ஷிப்டில் ஆறு டீ என்றால் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே. 2,000 கலோரிக்கு அது 50 கிராம். ஐந்து சதவீதம், அதாவது 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறார்கள். ஆக டீயிலேயே அந்த நாளின் வரம்பு கிட்டத்தட்ட முடிந்துபோகிறது, சாப்பாடு இன்னும் தொடங்கவே இல்லை. டீயை விடச் சொல்லவில்லை. "சர்க்கரை கம்மி" என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு டீக்கும் போனில் ஒரு கோடு போடுங்கள். கோடு குறைகிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை பாருங்கள்.

மதுரைக்காரிக்கு: நான் உணவியல் படித்து ஒரு சிறு கிளினிக்கில் வேலை செய்கிறேன். எழுதுவதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கிறது. 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு. "1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உடல் உண்மையில் செலவிடும் சக்தியை அளந்தார்கள். உடலில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நடமாட்டத்தை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. மனக்கணக்கு யாருக்கும் அப்படித்தான். அதனால்தான் காவிரிக்கரை ஐயா சொல்லும் "சாப்பிடும் முன் எழுது" என்பதை நானும் பிடிவாதமாகச் சொல்வேன்.

2008-ல் அமெரிக்காவில் கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ அமைப்பு சுமார் 1,700 பேரை ஆறு மாதம் பார்த்தது. தினமும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை குறைந்தார்கள். அவர்கள் வாராவாரம் குழுவாகவும் கூடினார்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதுவதும் ஒருவர் முன்னால் வைப்பதும் அங்கே சேர்ந்தே நடந்தது. நேரம் போகுமே என்று பயப்பட வேண்டாம். 2019-ல் வந்த இன்னோர் ஆய்வில், முதல் மாதம் நாளுக்கு 23 நிமிடம் எடுத்த இந்த வேலை ஆறாவது மாதத்தில் 15 நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டது.

மழைக்கால_நிலா:
எல்லோரும் எழுது எழுது என்கிறீர்கள், மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ஆப்பில் கலோரி எண்ண ஆரம்பித்தேன். முதலில் 1,500, பிறகு 1,200, பிறகு 900. எண் குறைந்தால் சந்தோஷம், கூடினால் அடுத்த வேளை பட்டினி. தோழிகளோடு வெளியே போவதை நிறுத்தினேன், ஏனென்றால் அங்கே எண்ண முடியாது. மாதவிடாய் நின்றுபோனது. மனநல மருத்துவரிடம் போய்த்தான் மீண்டேன். சர்க்கரை எல்லையில் இருக்கும் அக்காவுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் இந்த இழையை எத்தனையோ இருபது வயதுப் பிள்ளைகள் படிப்பார்கள். அவர்களுக்கு இது தெரியவேண்டும்.

அடுப்படி_ஆலோசகர்:
நிலா, இதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்வது முழுக்க சரி. உணவைக் கடுமையாக வெட்டினால் மனம் சாப்பாட்டையே சுற்றும். 1944, 45-ல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் பாதிப் பட்டினியில் வைத்துப் பார்த்தபோது, அந்த ஆரோக்கியமான ஆண்கள் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு, எந்த நேரமும் உணவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்கள் குணக்கேடு ஒன்றும் இல்லை, பட்டினி செய்கிற வேலை.

உணவோடு அப்படி ஒரு போராட்டம் இருந்தவர்கள் கலோரி எண்ணவே கூடாது. தேவைப்பட்டால் சாப்பிட்ட மணியை மட்டும் எழுதலாம், அதையும் சிகிச்சை தருபவரிடம் கேட்டுவிட்டு. மற்றவர்களுக்கும் ஓர் எல்லை சொல்கிறேன்: நோட்டைப் பார்த்து ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போடத் தோன்றினால், அன்றோடு நோட்டை மூடிவையுங்கள். அளவு என்றால் கீழ்ப்பக்கமும் ஒரு கோடு உண்டு. அதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மதுரைக்காரி:
நிலா, படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. நலமாக இருங்கள் தங்கச்சி. என் மகளுக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். நான் வீட்டில் கலோரி என்ற சொல்லையே எடுக்கப் போவதில்லை, கரண்டிக் கணக்கு மட்டும்தான்.

சரி, காட்டுவது யாரிடம்? என் கணவர் "நோட்டை என்னிடம் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

தாம்பரம்_லோக்கல்:
கொடுக்காதீர்கள்.

காவிரிக்கரை:
தாம்பரம் ஒரே சொல்லில் முடித்துவிட்டார், நான் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரே வீட்டில் இருப்பவர் பார்க்க ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசையிலேயே விசாரணை வரும். "இன்னொரு தோசையா?" என்று ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த தோசையை அடுப்படியில் நின்றே சாப்பிடுவோம், நோட்டில் ஏறாது. ஒளித்துச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

பெரியகுளத்துப்_பெரியவர்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் நோட்டைப் பார்ப்பது என் மனைவிதான், அவள் நோட்டை நான். சண்டை வந்ததில்லை. காரணம், இரண்டு பேரும் எழுதுகிறோம். ஒருவர் எழுத, இன்னொருவர் திருத்துவது என்றால்தான் வம்பு. மதுரைக்காரம்மா, உங்கள் வீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். சம்மதித்தால் அவரிடம் காட்டுங்கள்.

காவிரிக்கரை:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருவரும் எழுதினால் கதை வேறு.

அடுப்படி_ஆலோசகர்:
இந்த "யாரிடம்" என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே நல்ல பதில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களைச் சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இரண்டு வருடம் பார்த்தது. எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரை. ஒரு பாதிக்கு மட்டும் உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின. முடிவு 2013-ல் வெளியானது: செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. மருந்து கிடையாது, விலை உயர்ந்த கருவி கிடையாது, வெறும் குறுஞ்செய்தி. யாரோ நம்மை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு உடம்புக்குள் இவ்வளவு வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஜீன் நிடெட்ச் என்ற நியூயார்க் பெண்மணி 1961-ல் தன் வீட்டுக்குத் தோழிகளை அழைத்து, தின்பண்டம் தின்பதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் பேசத் தொடங்கியதுதான் 1963-ல் வெயிட் வாட்சர்ஸ் என்ற எடை குறைப்பு அமைப்பு ஆனது. அடிப்படை ஒன்றே: திட்டாத ஒருவர், நிச்சயமான ஒரு நாள். நம் கிராமங்களில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கு வந்து பிபி, சர்க்கரை பார்க்கிறார் இல்லையா? அவர் வரும் நாள் தெரிந்தால் அந்த வாரம் பலர் கவனமாக இருப்பார்கள். நோட்டு எழுதுபவர்கள் அதை அவரிடம் காட்டலாம்.

துணையாக இருப்பவர் செய்யவேண்டியது மிகக் குறைவு. மதிப்பெண் போட வேண்டாம். "இந்த வாரம் எந்த வரியை எழுதக் கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் போதும். எழுதாத நாளுக்கு "எழுதவில்லை" என்று எழுதி அனுப்பட்டும். வெற்றுப் பக்கத்தையும் காட்டலாம் என்று தெரிந்தவர்தான் மறுநாள் திரும்ப எழுதுவார்.

யாழ்_முற்றம்:
வணக்கம், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பிரச்சினை தேங்காய். காலையில் இடியப்பத்துக்குச் சொதி, சம்பல், மத்தியானம் தேங்காய்ப்பால் விட்ட கறி, இரவு பிட்டு. இடியப்பத்தை எண்ணலாம். தேங்காயை எப்படி எழுதுவது? இன்னொன்று, உறவினர் வீட்டுக்குப் போனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, மனம் நோகும்.

காவிரிக்கரை:
தேங்காயையும் எண்ணெய் மாதிரி வீட்டுக் கணக்காகப் போடுங்கள். வாரத்துக்கு எத்தனை காய் உடைக்கிறீர்கள், எத்தனை பேர். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த மாதம் ஒரு காய் குறைக்க முடியுமா என்று பாருங்கள். சம்பலை விடவேண்டாம், சொதிக்கு முதல் பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலை மட்டும் ஊற்றிப் பாருங்கள்.

விருந்துக்கு என் வழக்கம்: முதல் தடவை எல்லாவற்றையும் கொஞ்சமாக வாங்கிக்கொள்வேன், மறுப்பதே இல்லை. பரிமாறுபவர் இரண்டாவது சுற்று வரும்போது நன்றாக இருந்த ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அதை மட்டும் கேட்டு வாங்குவேன். அந்த வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், நமக்கு அளவு. கை கழுவியதும் எழுதிவிடுவேன். பந்தியில் உட்கார்ந்து இலையைப் போட்டோ எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இளையவர்கள் செய்கிறார்கள், அதுவும் பதிவுதான்.

மதுரைக்காரி:
எழுத ஆரம்பித்துவிட்டேன். "பசி இருந்ததா" கட்டத்தை இன்று படித்துப் பார்த்தேன். காலையும் மதியமும் பசித்துத்தான் சாப்பிடுகிறேன். "இல்லை" என்று வந்ததெல்லாம் இரண்டு இடத்தில். ஒன்று, அலுவலகத்தில் மாலை டீயோடு வரும் மிக்சர். இன்னொன்று, இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மீந்ததை நான் முடிப்பது. கொஞ்சம் குழம்பு சாதம், பாதித் தோசை, பிள்ளை வைத்துவிட்டுப் போன பூரி. அது ஒரு வேளை சாப்பாடு அளவுக்கு இருக்கிறது! வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், குப்பையில் கொட்ட மனம் வராது.

வடசேரி_சந்தை:
எங்கள் வீட்டிலும் அதே. நான் செய்தது: உலையில் போடும் அரிசியையே கால் படி குறைத்தேன். மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் எனக்குப் பழைய சோறு. அதையும் ஒரு வேளையாக எழுதிவிடுவேன். வயிற்றை மிச்சம் போடும் பாத்திரமாக நினைப்பதை நம் வீட்டுப் பெண்கள் நிறுத்தவேண்டும் அக்கா. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

மதுரைக்காரி:
மிக நல்ல யோசனை. எடை எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்கலாம்?

அடுப்படி_ஆலோசகர்:
வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் சாப்பிடும் முன். ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்த மறுநாள் உடம்பில் தண்ணீர் நின்று ஒரு கிலோ வரை கூடக் காட்டலாம், அது கொழுப்பு இல்லை. இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனம் தேவை. எச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரி, அதனால் அதை மாதாமாதம் பார்ப்பதில் பயன் இல்லை.

வடசேரி_சந்தை:
மதுரைக்காரி அக்கா, உங்களுக்குச் சம்மதம் என்றால் நாம் இருவரும் துணையாக இருக்கலாமா? ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஏழு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொள்வோம்.

மதுரைக்காரி:
சம்மதம்! தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். கணவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எழுதுகிறாரா பார்ப்போம்.

கொங்கு_இளவல்:
இழை முழுவதும் படித்தேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். அவருக்கும் நோட்டுப் போட்டு, நாளையில் இருந்து இரவுச் சோற்றைப் பாதியாக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

அடுப்படி_ஆலோசகர்:
நோட்டு நாளையே தொடங்கட்டும். சோற்றை நாளைக்குக் குறைக்க வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும், இதுவே தூக்கத்தில் நேர்ந்தால் ஆபத்து. அப்படி ஆனால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். முதலில் இப்போது சாப்பிடுவதை அப்படியே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரை அளவை மாற்றிய பிறகுதான் சோறு குறையவேண்டும்.

கொங்கு_இளவல்:
நல்லவேளை கேட்டேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். மாத்திரை போடும் மணியையும் நோட்டில் எழுதணுமா?

அடுப்படி_ஆலோசகர்:
கட்டாயம். மாத்திரை மணி, சாப்பிட்ட மணி, வீட்டில் கருவி இருந்தால் அப்போதைய சர்க்கரை அளவு, மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் தேடுவார்.